காட்டுப் பெர்ரிக்கு விலை நேரம்

முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமையோடு வாரக்கணக்கில் நடப்பவர்களுக்கு ஒரு நப்பாசை உண்டு. வழியெல்லாம் பழம் பழுத்துத் தொங்குகிறதே, உணவில் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் பை இலகுவாகுமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் அந்த ஆசை நிற்காது. 100 கிராம் ப்ளூபெரியில் 57 கலோரி, ராஸ்பெரியில் 52, பிளாக்பெரியில் 43. அதே 100 கிராம் வேர்க்கடலை வெண்ணெயில் ஏறக்குறைய 590. நாள் முழுக்க மலையேறி இறங்குபவருக்கு 3,000 முதல் 4,000 கலோரி வேண்டும். அதை ப்ளூபெரியால் மட்டுமே ஈடுகட்ட ஐந்து முதல் ஏழு கிலோ பறித்தாக வேண்டும்.

நன்றாகக் காய்த்த புதரில்கூட, கையால் பறித்தால் அரை லிட்டர் டப்பா நிரம்ப முக்கால் மணி நேரம் பிடிக்கும். டப்பாவில் இருப்பது சுமார் 300 கிராம். அதாவது 170 கலோரி. அந்த முக்கால் மணியில் 3 கிலோமீட்டர் நடந்திருக்கலாம். காட்டுப் பழத்துக்கு நாம் கொடுப்பது காசோ எடையோ அல்ல, பகல் வெளிச்சம். எனவே நாளொன்றுக்கு 700 முதல் 900 கிராம் உலர் உணவு என்று திட்டமிட்டிருந்தால் அதில் ஒரு கிராமும் குறைக்க வேண்டாம். பெர்ரி தருவது வேறு: புளிப்பு, ஈரம், வைட்டமின் சி, நார்ச்சத்து. இரண்டு வாரம் நூடுல்ஸும் ஓட்ஸும் தின்று நாக்கு செத்துப் போனவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

பழம் எப்போது பழுக்கும் என்று தேதி சொல்வதைவிட உயரத்தை வைத்துச் சொல்வது எளிது. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் வெளியிட்ட விதி இன்றும் கைகொடுக்கிறது. அட்சரேகையில் வடக்கே ஒரு பாகை போனாலும், மேலே சுமார் 120 மீட்டர் ஏறினாலும், செடிகளின் பருவம் நான்கு நாள் பின்தங்கும் என்பது அந்த விதி. வசந்தகாலத் துளிர்ப்பையும் பூப்பையும் வைத்து வகுத்தது என்பதால் பழத்துக்கு அச்சாகப் பொருந்தாது. சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது, அந்த ஆண்டு பனி எப்போது உருகியது என்பதெல்லாம் குறுக்கே வரும். ஆனாலும் திட்டம் போட இது போதும். 1,200 மீட்டர் உயரத்தில் பழம் சுருங்கி உதிர ஆரம்பித்திருந்தால், 1,500 மீட்டரில் இன்னும் பத்து நாளுக்குச் சரக்கு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அமெரிக்காவின் மேற்கில் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை போகும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையில் வடக்கு நோக்கி நடப்பவர்கள் பருவத்தோடு சேர்ந்தே நடப்பதாக நினைத்துக்கொள்வது உண்டு. வாஷிங்டன் மாநிலத்துக்குள் அந்தப் பாதை சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. வளைந்து வளைந்து போவதால் வடக்கே நகர்வதோ மூன்றரைப் பாகைகூட இல்லை. நாளுக்கு 25 கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு பாகையைக் கடக்க ஒன்பது பத்து நாளாகும். பருவம் அதை நான்கே நாளில் தாண்டிவிடும். ஆகவே வரைபடத்தில் பார்க்க வேண்டியது வடக்கு திசையை அல்ல, சம உயரக் கோடுகளை. நாளைய பாதை எந்தெந்த உயரங்களில் எத்தனை கிலோமீட்டர் போகிறது, அதில் மரமில்லாத திறந்த சரிவு எவ்வளவு என்று முந்தைய இரவே குறித்து வைத்தால், எங்கே நிற்க வேண்டும் என்பது காலையிலேயே தெரிந்துவிடும்.

திறந்த சரிவு என்பது முக்கியம். அடர்ந்த காட்டு நிழலில், ப்ளூபெரிக்கு உறவான ஹக்கிள்பெரிச் செடி உயிரோடு இருக்கும், காய்ப்புதான் இருக்காது. பழைய காட்டுத்தீ எரித்த இடங்கள், பனிச்சரிவு மரங்களை வாரிக்கொண்டு போன பாதைகள், புல்வெளி ஓரங்கள் ஆகியவற்றில்தான் காய்ப்பு நன்றாக இருக்கும். தீயில் மேற்பகுதி கருகினாலும் நிலத்தடித் தண்டிலிருந்து அது மறுபடி முளைக்கும். ஆனால் எரிந்த மறு ஆண்டே பழத்தை எதிர்பார்க்கக் கூடாது, நல்ல காய்ப்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். வாஷிங்டன் மாநிலத்தில் அந்தப் பாதை கடந்துபோகும் காஸ்கேட் மலைகளின் பூர்வகுடிகள் ஹக்கிள்பெரி வெளிகளை வேண்டுமென்றே எரித்துத் திறந்து வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் காட்டுத்தீயை அடியோடு அணைக்கும் கொள்கை வந்ததும் மரங்கள் மூடிக்கொண்டு பல வெளிகள் சுருங்கிப் போயின. அங்கே ஹக்கிள்பெரியின் பருவம் ஏறத்தாழ ஆகஸ்ட் முதல் செப்டம்பர் நடு வரை.

இனி அடையாளம். இதில் அவசரம் கூடவே கூடாது.

நடக்கப் போகும் பாதையில் கிடைக்கும் நான்கைந்து இனங்களை மட்டும் புறப்படுமுன் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். மற்றவை எவ்வளவு அழகாக இருந்தாலும் தின்பதற்கில்லை. ஒவ்வொரு இனத்துக்கும் பழம், இலை, தண்டு மூன்றும் ஒத்துப் போக வேண்டும்; மூன்றில் ஒன்று முரண்பட்டாலும் விட்டுவிட வேண்டும். பழத்தின் நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ப்ளூபெரி, ஹக்கிள்பெரி, பில்பெரி ஆகிய வாக்ஸினியம் பேரினத்துப் பழங்களில் காம்புக்கு எதிர்முனையைப் பாருங்கள். பூவின் புல்லிவட்டம் காய்ந்து ஒரு வளையமாகவோ ஐந்து முனைக் கிரீடமாகவோ நிற்கும். அது இல்லாத நீலப் பழத்தைத் தொடவே வேண்டாம். வட ஐரோப்பாவில் கிடைக்கும் பில்பெரியின் தண்டு பச்சையாக, கோணம் கோணமாக இருக்கும்; இலை விளிம்பில் நுண்ணிய பற்கள் உண்டு; பழத்தை நசுக்கினால் உள்ளேயும் கருஞ்சிவப்புதான், விரலில் கறை ஏறும். சதுப்பில் வளரும் அதன் உறவுக்காரச் செடிக்குத் தண்டு பழுப்பாக உருண்டிருக்கும், இலை நீலப்பச்சையாக விளிம்பில் பல் இல்லாமல் இருக்கும், பழத்தின் சதை வெளிறியிருக்கும். இதுவும் தின்னத் தகுந்ததே, ருசிதான் மட்டம்.

பில்பெரி விளையும் அதே ஐரோப்பியக் காடுகளில் பாரிஸ் க்வாட்ரிஃபோலியா என்ற நச்சுச் செடியும் உண்டு. ஒரே தண்டு, அதன் உச்சியில் பெரும்பாலும் நான்கு இலைகள் ஒரு வட்டமாக, நடுவில் ஒற்றைக் கருநீலப் பழம். பழத்தை மட்டும் பார்த்தால் பெரிய பில்பெரி போலவே இருக்கும். செடியைப் பார்த்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை. பெல்லடோனா என்ற நச்சுச் செடி இதைவிட ஆபத்தானது. பளபளக்கும் கரும்பழம், அதற்கு அடியில் விரிந்த ஐந்து பச்சைப் புல்லி இதழ்கள். அதாவது வாக்ஸினியத்தில் கிரீடம் இருக்கும் முனைக்கு நேர் எதிர்ப்பக்கம். பெல்லடோனாப் பழம் லேசாக இனிக்கும் என்பதால் ‘விஷம் கசக்கும்’ என்ற நம்பிக்கை இங்கே உயிருக்கே உலை வைக்கும்.

காஸ்கேட் மலைகளில் ஹக்கிள்பெரிப் புதர்களுக்கு அடியிலேயே க்ளின்டோனியா வளர்கிறது. தரையை ஒட்டி இரண்டு மூன்று அகன்ற இலைகள், அவற்றின் நடுவிலிருந்து நேராக எழும் காம்பின் நுனியில் ஒரே ஒரு அடர்நீல மணி. இது உணவுக்கு ஆகாது. ஹக்கிள்பெரியோ கிளை பிரிந்த, மரக்கட்டைத் தன்மையுள்ள புதர். இரட்டையாக ஒட்டிக்கொண்டு, சிவந்த இலைச்செதில்களுக்கு நடுவே நிற்கும் கரும்பழம் கண்ணில் பட்டால் அது லோனிசெரா, அதையும் விட்டுவிடுங்கள். ஆக்டேயா செடியின் நிமிர்ந்த கொத்தில் பளபளப்பான சிவப்பு அல்லது வெள்ளை மணிகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. வெள்ளைப் பழம் எதையுமே தின்பதில்லை என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மூன்று மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவிக்கும் வெள்ளைப் பழம்தான். அமெரிக்கக் கிழக்குப் பகுதியில் பிளாக்பெரி முட்களோடு பின்னிக்கொண்டு கிடக்கும். உரசினாலே தோல் கொப்பளிக்கும்.

ராஸ்பெரி வகையறா ஓரளவு எளிது. சிறு சிறு மணிகள் ஒட்டிய கூட்டுப் பழம், முள்ளுள்ள தண்டு. ராஸ்பெரியை இழுத்தால் நடுத்தண்டு செடியிலேயே தங்கிப் பழம் உள்ளே பொள்ளலாக வரும். பிளாக்பெரியில் அந்த வெண்மையான நடுத்தண்டும் பழத்தோடு வந்துவிடும். ‘கூட்டுப் பழம் எல்லாம் தின்னலாம்’ என்று சொல்வார்கள். பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியில்லை. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் கோல்டன்சீல் செடியின் ஒற்றைச் சிவப்புப் பழமும் பார்ப்பதற்கு ராஸ்பெரி மாதிரிதான். அதற்கு முள் இருக்காது, இலையின் மேலேயே பழம் உட்கார்ந்திருக்கும்.

லிங்கன்பெரியைக் கண்டுபிடிக்க இலையைத் திருப்பிப் பாருங்கள். தடித்த, பசுமை மாறாத இலை, விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருக்கும், அடிப்புறத்தில் கரும்புள்ளிகள். புள்ளி இல்லாமல் வலைப்பின்னல் நரம்பு மட்டும் தெரிந்தால் அது பேர்பெரி. விஷமில்லை, மாவாக இருக்கும், ருசியும் இல்லை. சதுப்பில் தனித்தனியாக நிற்கும் கிளவுட்பெரி மற்றவற்றுக்குத் தலைகீழ். சிவப்பாக இருக்கும்போது அது காய், கெட்டியாக இருக்கும். பழுத்தால் மென்மையாகி இளமஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்துக்கு வரும். புதிதாகப் பார்ப்பவர்கள் சிவப்பைப் பறித்துவிட்டுப் புளிப்பும் துவர்ப்பும் தாங்காமல் துப்புவார்கள்.

பறவை தின்றால் மனிதரும் தின்னலாம் என்பது பொய். பறவைகள் பெல்லடோனாவையும் தின்னும், யூ என்ற ஊசியிலை மரத்தின் சிவந்த சதையையும் தின்னும். யூ விதை நமக்குக் கொடிய நஞ்சு. கைப்பேசியில் படம் எடுத்து இனம் சொல்லும் செயலிகள் படிப்பதற்கு நல்ல துணை, தின்பதற்கு அல்ல. உதட்டில் தடவிக் காத்திருந்து, பிறகு நாக்கில் வைத்துச் சோதிக்கும் முறையையும் நெடுநடையில் பயன்படுத்தத் தேவையே இல்லை. பையில் உணவு இருக்கும்போது எதற்கு அந்தச் சூதாட்டம்?

தப்பான பழத்தைத் தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாயில் இருப்பதைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, தின்ற பழத்தையும் அதன் இலையையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நேரத்தைக் குறியுங்கள். வாந்தி வரவழைக்க முயல வேண்டாம். வாய் வறட்சி, விரிந்த கண்மணி, வேகமான இதயத் துடிப்பு, பிதற்றல் ஆகியவை பெல்லடோனாவின் அறிகுறிகள். அவை வரும் வரை காத்திராமல், அந்த நாட்டின் நச்சு உதவி மையத்தையோ அவசர உதவியையோ உடனே அழைக்க வேண்டும். சிக்னல் இல்லாத பாதையில் செயற்கைக்கோள் தகவல் கருவியைச் சுமப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

நாளின் நேரக் கணக்குக்கு வருவோம். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 24 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள நாளுக்கு 6 மணி 20 நிமிடம் வருகிறது. சுமையோடு நடப்பவர் கால் பங்கு கூட்டிக்கொண்டால் ஏறக்குறைய எட்டு மணி. ஆகஸ்ட் கடைசியில் 46 பாகை வடக்கில் பகல் சுமார் பதின்மூன்றரை மணி. கூடாரம் போடவும் கழற்றவும் இரண்டு மணி, சாப்பிடவும் தண்ணீர் வடிகட்டவும் ஒன்றரை மணி போனால் மிஞ்சுவது இரண்டு மணி. அதில் ஒரு மணி நேரத்தை எதிர்பாராதவற்றுக்குக் கையிருப்பாக விட்டுவிட வேண்டும். ஆக, பழத்துக்கு ஒரே ஒரு மணி.

அந்த ஒரு மணியை நாள் முழுக்கச் சில்லறையாகச் செலவழிப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. இரண்டு நிமிடம் நின்று ஒரு கைப்பிடி, நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கைப்பிடி என்று போனால் மாலையில் டப்பாவும் காலி, தூரமும் பாக்கி. நடக்கும்போது கைக்கு எட்டுவதை வாயில் போட்டுக்கொண்டே போகலாம், அதற்காக நிற்கக் கூடாது. சேகரிப்பது ஒரே ஓர் இடத்தில், முன்பே குறித்துவைத்த சரிவில், பிற்பகலின் கடைசி ஏற்றம் முடிந்த பிறகு, முகாமுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு முன்னால். காலையில் பறித்தால் நாள் முழுக்கப் பையில் குலுங்கிக் கூழாகிவிடும். பனி ஈரத்தோடு பறித்ததும் சீக்கிரம் கெடும்.

டப்பாவுக்குத் தீர்வு மலிவானது. வேர்க்கடலை வெண்ணெய் தீர்ந்த அகன்ற வாய் பிளாஸ்டிக் டப்பா போதும். ஜிப் பையில் போட்டால் கால் மணி நேரத்தில் சாறுதான் மிஞ்சும். டப்பாவின் கழுத்தில் கயிறு கட்டி இடுப்புப் பட்டையில் தொங்கவிட்டால் இரண்டு கையும் பறிக்கக் கிடைக்கும், வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராஸ்பெரியை ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். தன் எடையிலேயே அடிப்பழம் நசுங்கும். ஹக்கிள்பெரி கொஞ்சம் தாங்கும். பழுத்தது விரல் பட்டதும் கழன்று வரும், இழுக்க வேண்டியிருந்தால் அது இன்னும் காய். பிளாக்பெரி பளபளப்பாக இருக்கும்போது புளிக்கும். பளபளப்பு மங்கிக் கருத்த பிறகுதான் இனிப்பு ஏறும். உயரத்தில் இருக்கும் முட்கிளையை நடைக்கம்பால் வளைத்துக்கொள்ளுங்கள். முட்புதருக்குள் போகுமுன் மெல்லிய மழைச்சட்டையைக் கழற்றி வைப்பது நல்லது, ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். முடிந்ததும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடையைத் தொடரலாம்.

தலை குனிந்து புதருக்குப் புதர் நகர்பவருக்குத் திசை மறந்துபோவது சாதாரணம். பாதையை விட்டு விலகும் இடத்தை ஜி.பி.எஸ்-இல் குறித்துக்கொண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து ஒரு பெரிய பாறையையோ சிகரத்தையோ பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போனாலும் விசில், கைப்பேசி, தலைவிளக்கு, ஒரு மேற்சட்டை ஆகியவை உடம்போடு இருக்க வேண்டும். கரடி உள்ள பகுதியில் உணவுள்ள பையை விட்டுவிட்டுப் போவதே கூடாது, முதுகிலேயே இருக்கட்டும்.

கரடிக்கு இது பொழுதுபோக்கு இல்லை. குளிர்கால உறக்கத்துக்குக் கொழுப்புச் சேர்க்கும் அந்த வாரங்களில் ஒரு கரடி நாளுக்கு 20,000 கலோரி வரை தின்னும். புதருக்குள் தலையை விட்டுத் தின்னும் கரடிக்கும் நம் வருகை தெரியாது, நமக்கும் அது தெரியாது. காற்றும் ஓடைச் சத்தமும் இருந்தால் இன்னும் மோசம். தொடர்ந்து உரக்கப் பேசிக்கொண்டே பறியுங்கள். பழத்தோலும் விதையுமாக ஈரம் காயாத சாணம் கண்ணில் பட்டால் அந்தச் சரிவை விட்டுக்கொடுத்துவிடுவதே மரியாதை. கரடியை விரட்ட மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் கரடித் தெளிப்பான் இடுப்புப் பட்டையில் இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஸ்வீடனில் இயற்கையில் நடமாடும் உரிமை 1994 முதல் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அபிஸ்கோவிலிருந்து ஹேமாவன் வரை சுமார் 440 கிலோமீட்டர் போகும் குங்ஸ்லேடன் பாதையில் நடப்பவர் பில்பெரி பறிப்பதற்கு அந்த மரபே அடிப்படை; தேசியப் பூங்கா எல்லைக்குள் மட்டும் அந்தந்தப் பூங்காவின் விதியைப் பார்க்க வேண்டும். நார்வேயின் வடக்கு மாவட்டங்களில் கிளவுட்பெரி விளையும் நிலத்தின் உரிமையாளர் பறிப்பதைத் தடை செய்யலாம். அப்போதும் அங்கேயே நின்று தின்பதற்குத் தடையில்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் எந்தப் பழத்தை எவ்வளவு பறிக்கலாம் என்பதைப் பூங்காக் கண்காணிப்பாளரே வகுக்கிறார். கையால், சொந்தப் பயனுக்கு மட்டும். வாஷிங்டன் மாநிலத்தின் கிஃபர்ட் பின்ஷாட் தேசிய வனத்தில், பசிபிக் க்ரெஸ்ட் பாதை கடந்துபோகும் சாடூத் பெர்ரி வெளிகளில் ஒரு பகுதி 1932-இல் கைகுலுக்கி முடிவான ஒப்பந்தப்படி யாகமா உள்ளிட்ட பூர்வகுடிகளுக்கே உரியது. அறிவிப்புப் பலகைகள் நிற்கும் பக்கத்தில் ஒரு பழம்கூட நமக்குச் சொந்தமில்லை. சீப்பு மாதிரி வாரும் கருவி வேகமானதுதான். ஆனால் காயையும் இலையையும் இளங்கிளையையும் சேர்த்துப் பிய்ப்பதால் பல இடங்களில் தடை, தடையில்லாத இடத்திலும் அரை லிட்டருக்காக அதைச் சுமப்பது வீண். சாலையோரம், ரயில் பாதையோரம், மின்கம்பி வழித்தடம் ஆகிய இடங்களில் களைக்கொல்லி தெளித்திருக்கலாம். இலைகள் முறுக்கிக்கொண்டு, பருவம் தப்பிப் பழுத்துப்போயிருந்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

கழுவுவது வடிகட்டிய தண்ணீரில். ஓடையில் அலசினால் தண்ணீரை வடிகட்டிக் குடிப்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். மத்திய ஐரோப்பாவில் தரையை ஒட்டிய பழங்களில் நரி நாடாப்புழுவின் முட்டை ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. கழுவினால் குறையும், முழுக்கப் போகாது. வீட்டு உறைபெட்டியின் குளிருக்கும் சாகாது. நன்றாகக் கொதிக்கவைத்தால் செத்துவிடும். அங்கே நடப்பவர்கள் தாழ்ந்த புதர்ப் பழத்தைச் சமைத்தே தின்பது நல்லது. பழத்துக்குள் நெளியும் சிறு வெள்ளைப் புழு பெரும்பாலும் பழ ஈயின் புழு. அருவருப்பு, அவ்வளவுதான்.

அளவும் முக்கியம். 100 கிராம் ராஸ்பெரியில் 6.5 கிராம் நார்ச்சத்து. பல நாளாக உலர் உணவுக்குப் பழகிய வயிற்றில் அரைக் கிலோவை ஒரே மூச்சில் இறக்கினால் இரவு கூடாரத்தைவிட்டு ஓட வேண்டியிருக்கும். அதில் இழக்கும் நீரும் உப்பும் மறுநாள் ஏற்றத்தில் தெரியும். முதல் நாள் 150 கிராமோடு நிறுத்துங்கள்.

மாலைச் சமையலுக்கு 150 கிராம் பழம், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். சிறு தீயில் கிளறிக்கொண்டே ஐந்து நிமிடம், நன்றாகக் கொதி வரும் வரை. மெல்லிய டைட்டானியம் பாத்திரத்தில் சூடு ஒரே இடத்தில் குவிவதால் சர்க்கரை சட்டென்று அடிப்பிடிக்கும். தண்ணீரை முதலில் ஊற்றி, சர்க்கரையைக் கடைசி நிமிடத்தில் போட்டால் தப்பிக்கலாம். பால்பொடி போட்டுக் கொதிக்கும் ஓட்ஸில் புளிப்பான பழத்தைக் கொட்டினால் திரிந்துவிடும். ஓட்ஸை இறக்கி, சற்று ஆறியதும் பழத்தை மேலே போடுங்கள். 60 கிராம் ஓட்ஸுக்கு 100 கிராம் பழம் சரியான அளவு. கரடி நாட்டில் இதெல்லாம் கூடாரத்திலிருந்து குறைந்தது 90 மீட்டர் தள்ளி நடக்க வேண்டும். பழ டப்பா, சாறு தெறித்த கரண்டி, துடைத்த துணி எல்லாமே இரவில் உணவோடு சேர்த்துக் கரடி புகாத பெட்டிக்குள் போக வேண்டும். மிஞ்சிய பழத்தில் காலைக்குள் நுரையும் புளித்த வாடையும் வந்திருந்தால் தின்ன வேண்டாம்; புதைக்கவும் வேண்டாம், விலங்குகள் தோண்டி எடுக்கும்; டப்பாவை இறுக மூடி, மற்றக் குப்பையோடு சேர்த்துச் சுமந்து வெளியே கொண்டுபோங்கள்.